நாலு விரல் உயரம்

"வண்டி மறுபடியும் உக்காந்துடுச்சுய்யா. என்னா வேல பாத்த நீ?"

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இந்தப் பேச்சைக் கேட்கத்தானா திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே விழுப்புரம் வந்தோம் என்றிருந்தது மெக்கானிக் முத்துசாமிக்கு. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கல் உடைக்கிற கிரஷர் ஓனர் அருள்நாதன் வீட்டு வாசலில் அந்தப் பெரிய கார் நின்றது. பின்பக்கம் நாலு விரல் இறங்கியிருந்தது.

"நான் கை வெச்ச வண்டி திரும்பி வந்ததில்ல சார்."

"வந்து நிக்குதே. கண்ணு தெரியலையா?"

முத்துசாமி பையை இறக்கினார்.

ஆயில் பிரஷரில் ஏறி இறங்குகிற வண்டி. பின்சக்கரத்துக்கு உள்ளே ஒரு சின்னக் கம்பி உயரத்தை அளந்து சொல்லும். அதன்படி ஆயில் பாயும், வண்டி நிமிரும். கொஞ்ச நாள் முன்னால் அந்தக் கம்பி உடைந்து, புதுசு வந்து சேரும்வரை வண்டி இறங்கியே ஓடியது. அப்புறம் முத்துசாமிதான் மாட்டிக் கொடுத்தார்.

"உள்ள இருக்கிற எறக்குற பட்டன யாராவது அமுக்கினாங்களா சார்?"

"அதத் தொட்டா கைய ஒடச்சிடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன். வண்டின்னா நிமிந்து நிக்கணும்யா. உன் கை ராசியத்தான் சொல்லணும். வண்டி கெட்டுக் கெடந்தப்போ எங்கம்மா வாராவாரம் சர்ச்சுப் பூசைக்கு வந்துக்கினு இருந்தாங்க. நீ சரி பண்ணிட்டுப் போனே, அன்னிலேர்ந்து தலசுத்தலு!"

பேசிக்கொண்டே போகட்டும் என்று முத்துசாமி வேலையைப் பார்த்தார். தொட்டியில் ஆயில் குறையவில்லை. எங்கேயும் ஒழுகவில்லை. பின்சக்கரத்தோரம் படுத்து டார்ச் அடித்தார்.

போன தடவை நட்டை முறுக்கிவிட்டு, நகர்ந்தால் தெரியட்டும் என்று மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருந்தார். நட்டில் பாதி, கம்பியில் பாதி. இப்போது அந்தக் கோடு ரெண்டாகப் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் புது ஸ்பேனர் தடம்.

"சார், இது ரிப்பேரே இல்ல. யாரோ வேணும்னு தளத்தியிருக்காங்க."

தன் மேல் தப்பில்லை என்றானதும் இடுப்பு வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

அருள்நாதன் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"டேய் சீனு, அன்னிக்கு இவரு மாட்டும்போது பக்கத்துல குந்திக்கினு பாத்தவன் நீதானே?"

"ஆமாங்க."

"நீதான் தளத்தினியா?"

சீனுவாசன் தரையைப் பார்த்தான்.

"எதுக்குடா? சொல்லுடா!"

சீனுவாசனின் கண் வீட்டுக்குள் ஒருமுறை போய்த் திரும்பியது.

"சாவிய வெச்சிட்டுக் கெளம்பு. நாளைக்கு வராத."

சீனுவாசன் கொத்திலிருந்து தன் டூவீலர் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியை நீட்டினான். வளையத்திலிருந்து அது சீக்கிரம் வரவில்லை.

நமக்கென்ன என்று முத்துசாமி மறுபடி படுத்தார். பிரிந்த மஞ்சள் கோடு ஒன்றாகச் சேரும்வரை நட்டை முறுக்கினார். என்ஜின் ஓடியது. வண்டி நிமிர்ந்தது.

"ஆங், இது வண்டி! அம்மா, பூசைக்கு நேரமாவுது. ஜல்தியா வாங்க!"

வண்டிக்கு அந்தப் பக்கம் ரெண்டு கால்கள் வந்து நின்றன. வீங்கின பாதங்கள். முத்துசாமி படுத்திருந்த இடத்திலிருந்து அவ்வளவுதான் தெரிந்தது.

வலது கால் எழும்பியது. ஃபுட்போர்டின் விளிம்பு விரலில் பட்டது. நழுவியது. இன்னொரு தடவை எழும்பி, பாதி வழியில் நடுங்கி, தரைக்கே வந்துவிட்டது.

"தல சுத்துதுப்பா. நீ போய்ட்டு வா."

"மறுபடியுமா? அந்தாளு வந்தாலே உங்களுக்குத் தலசுத்தல்மா!"

கால்கள் திரும்பி மெல்ல நடந்தன. முட்டி மடங்காத நடை.

இன்னும் போகாமல் நின்றிருந்த சீனுவாசன் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிற மாதிரி குனிந்தான்.

"அம்மாவுக்கு முட்டி போயிடுச்சுண்ணே. ஸ்டூலு போட்டாலும் வேணான்றாங்க. மவனுக்குத் தெரிஞ்சா வீட்டோட கெடன்னு உக்கார வெச்சிடுவாராம். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க."

முத்துசாமி மஞ்சள் கோட்டைப் பார்த்தார். ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

"என்ஜின ஆஃப் பண்ணாதீங்க சார்."

தலையை வெளியே இழுத்துக்கொண்டு கையை மட்டும் உள்ளே விட்டார். நட்டு தளர்ந்தது. வண்டி மெதுவாக நாலு விரல் இறங்கியது. அந்த இடத்திலேயே முறுக்கி, புதுசாக ஒரு மஞ்சள் கோடு இழுத்தார்.

"யோவ், என்னாய்யா பண்ற?"

"தப்பு என்னோடது சார். போன தடவ நட்ட சரியா முறுக்கல. தானா நழுவியிருக்குது. இனிமே வண்டிக்கு இதான் உயரம். மேல தூக்கினா ஆயில் பைப்பு பிச்சுக்கும்."

"யாரோ தளத்தினாங்கன்னு சொன்னியே?"

"கண்ணு தெரியல சார்."

"தூ! உன் பேச்ச கேட்டு இவன வேற திட்டிட்டேன். டேய் சீனு, இந்தா சாவி, புடி. இந்தாள இனிமே கேட்டுக்குள்ள விடாத." அருள்நாதன் முன்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

முத்துசாமி ஸ்பேனர்களைப் பையில் போட்டார்.

"தலசுத்தல் நின்னுடுச்சுப்பா, நானும் வரேன்!" என்றபடி அருள்நாதனின் அம்மா பவுலினம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். யார் கையையும் பிடிக்காமல் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். சீனுவாசன் கதவைச் சாத்த வந்தான். அவனை நிறுத்திவிட்டு, முன்னால் மகன் போனில் கத்திக்கொண்டிருப்பதை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, முத்துசாமி பக்கம் சாய்ந்தாள்.

"ஏந்தம்பி, இன்னும் ரெண்டு விரல் எறங்குமா?"