யாரு வீட்டு ரத்தம்?

“பால்லயே விஷம்னா, அது யாரு வீட்டு ரத்தம்னு கேக்கறேன்!”

மாமியார் ராஜாமணி போட்ட சத்தத்தில், எதிர் வார்டில் இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள்கூடக் கை கழுவாமல் எட்டிப் பார்த்தார்கள். சிதம்பரத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்கிற நர்ஸ் வெண்மதி. இந்தக் குடும்பத்தை இந்தப் பிரசவத்தின்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள். ஆனால் இந்தக் கூத்து அவளுக்குப் பழகிப்போன ஒன்று. கதவைச் சாத்திவிட்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“விஷமெல்லாம் இல்லம்மா. உங்க மருமவ பாலு நல்ல பாலுதான். அதுல இருக்கற சர்க்கரை குழந்தைக்குச் செரிக்கல. பொறக்கும்போதே வந்த குறை. பால நிறுத்திட்டு சோயா பவுடர் கரைச்சுக் குடுக்கறோம். புள்ள பொழச்சுக்கிச்சு, அத நெனச்சு சந்தோஷப்படுங்க.”

பிள்ளை பிழைத்தது பற்றி அங்கே யாருக்கும் பேச்சில்லை. குறை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் காலையிலிருந்து வழக்கு.

கட்டிலில் ஸ்ரீமதி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நிமிராமல் பாட்டிலைப் பிடித்திருந்தாள். தாயில்லாத பெண். பிரசவத்துக்காகக் கடலூரிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்தவள். அவள் கணவன் மணவாளன் ஜன்னலோரம் நின்று செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அம்மா வாயைத் திறந்தால் தன் வாயை மூடிக்கொள்கிற ரகம் அவன்.

“குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தே ஆவணும்னு சட்டமா போட்டிருக்கு?” ராஜாமணி விடுவதாக இல்லை. “நீங்க குத்தாம இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.”

“வெளிநாட்டுல பல எடத்துல சட்டமே இருக்கும்மா. இங்க எங்க டாக்டர் எல்லாக் குழந்தைக்கும் பாக்கச் சொல்லியிருக்காரு. பாக்காம வுட்டிருந்தா, தாய்ப்பாலக் குடுத்துக் குடுத்தே புள்ளயப் பறிகுடுத்திருப்பீங்க.”

ராஜாமணி கொஞ்சம் அடங்கினார். கொஞ்சம்தான்.

“சரி சிஸ்டர். பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடுங்க. குறை அவுங்களுது இல்லன்னு தெரியற வரைக்கும் தாயும் புள்ளயும் கடலூர்ப் பக்கம் வர வேணாம். என் புள்ளைக்கு வேற எடம் பாக்க எனக்குத் தெரியும்.”

ஸ்ரீமதி பிடித்திருந்த பாட்டில் குழந்தையின் வாயிலிருந்து நழுவியது. வெண்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சை உடம்புக்காரியை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஸ்ரீமதியின் அப்பா தட்சிணாமூர்த்தியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ராஜாமணியின் முகத்தைப் பார்க்காமல் நர்ஸிடமே சொன்னார்:

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட நீங்களும் சொல்லிடுங்கம்மா. எங்க வம்சத்துல இப்படி ஒரு நோவு கெடையாது. எங்கப்பா சாவற வரைக்கும் ஒரு மாத்திரை போட்டவரில்ல.”

“எங்கப்பா மட்டும் என்னா, ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தாரா? கல்லத் தின்னாலும் செரிக்கும் அவருக்கு. அந்த ரத்தம் எங்க ரத்தம்!”

“ரத்தம் கெட்டதோ இல்லியோ, வாயி கெட்டது.”

“அவுங்களுக்குத் தலக்கனம் ஜாஸ்தி சிஸ்டர். குடும்பத்தோட வந்தது.”

நடுவில் மாட்டிக்கொண்ட வெண்மதிக்கு, ரெண்டு பக்கத்துக்கும் தபால்காரி வேலை பார்த்து அலுத்துவிட்டது. இந்த ரெண்டு பேரும் எந்த நேரத்தில் சம்பந்தம் பேசித் தொலைத்தார்களோ!

“ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க. இது ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் வர்ற குறை இல்ல. அம்மா பாதி, அப்பா பாதி குடுத்தாதான் புள்ளைக்கு வரும். ஸ்ரீமதி ரத்தம் குடுத்தாச்சு. இவரு ரத்தமும் எடுக்கணும்.”

மணவாளன் போனை விட்டு நிமிர்ந்தான்.

“என் புள்ள கையத் தொடாதீங்க!” என்று ராஜாமணி குறுக்கே வந்து நின்றார். “எங்கூட்டு ரத்தத்துல ஒரு குறையும் கெடையாது.”

“சரி, தொடல. ரெண்டு பக்கமும் பெரியவங்க யாரு யாருன்னு டாக்டர் கேப்பாரு. அதையாவது சொல்லுங்க.” வெண்மதி பேனாவை எடுத்தாள். “ஐயா, உங்க அப்பா பேரு?”

“சுப்புராயன்” என்றார் தட்சிணாமூர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி. “கம்மாபுரத்துல யார வேணா கேட்டுப் பாருங்க. தங்கமான மனுசன்.”

“நீங்க சொல்லுங்கம்மா. உங்க அப்பா பேரு?”

ராஜாமணி வாயைத் திறந்தார். பிறகு என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டார். காலையிலிருந்து முதல் முறையாகத் தட்சிணாமூர்த்தியை நேருக்கு நேர் பார்த்தார். தட்சிணாமூர்த்தியின் நெஞ்சு மெதுவாக இறங்கியது. அவர் ஓடாத மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். கட்டிலில் ஸ்ரீமதி மட்டும் தலை நிமிர்ந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.



“டேய் மணவாளா” என்றார் ராஜாமணி. குரலில் சுருதியே இல்லை. “நின்னு என்னாத்தடா பாக்கற? கைய நீட்டு. ரத்தத்தக் குடுத்துட்டு, பொண்டாட்டி புள்ளயக் கூட்டிக்கிட்டு வூட்டுக்குக் கெளம்பு.”

வெண்மதிக்கு ஒன்றும் புரியவில்லை.

“அம்மா, உங்க அப்பா பேர நீங்க இன்னும் சொல்லலியே?”

“அதான் சொல்லியாச்சே” என்று குனிந்து குழந்தையை வாங்கிக்கொண்டார் ராஜாமணி. “என் கூடப் பொறந்த தம்பி இப்பதான சொன்னான்.”