மூணாவது புகார்

"இடது கையாலயா சில்லறை கொடுக்கறே? உங்க வீட்ல சொல்லித் தரலையா?"

லோத்குண்டா சூப்பர் மார்க்கெட்டின் ஆறாம் நம்பர் கவுண்டரில் அந்த அம்மாள் போட்ட சத்தம், வாசல் செக்யூரிட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஷர்மிளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹைதராபாத்தில் தமிழில் திட்டு வாங்குவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"சாரி ஆன்ட்டி" என்று சில்லறையை வலது கைக்கு மாற்றி நீட்டினாள். எங்கே நீட்டினாள்? தோள் பாதியிலேயே மக்கர் பண்ணியது. காசெல்லாம் தரையில் சிதறி ஓடியது.

"ஓகோ! இப்ப விசிறியடிக்கவும் ஆரம்பிச்சாச்சா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலை ஏழு மணியிலிருந்து நின்றபடியே அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் தூக்கித் தூக்கி பில் போட்டால், கை என்ன இரும்பா? இரண்டு மாதமாகத் தலை வாரிக்கொள்ளக்கூட அந்தக் கை எழும்பவில்லை. மேனேஜரிடம் சொன்னால், "முடியலேன்னா வீட்ல இரு" என்பார். லாலாகுடாவில் அந்த வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான்.

"விடுங்க ஆன்ட்டி, பாவம்! சின்னப் பொண்ணு" என்றான் வரிசையில் பின்னால் நின்ற இளைஞன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

மகராசன், நன்றாக இருக்கட்டும் என்று ஷர்மிளா மனசுக்குள் வாழ்த்தி முடிக்கவில்லை. அவன் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தொப்பென்று அவள் முன்னால் போட்டுவிட்டு, செல்போனை நோண்ட ஆரம்பித்தான். பார்கோடு அடிப்பக்கம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளேதான் மூட்டையைப் புரட்டினாள்.

அதை அந்த அம்மாள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புகார் புத்தகம் எங்கே?"

"ஆன்ட்டி, நக்கோ ஆன்ட்டி, வேணாம்! ஏற்கெனவே ரெண்டு புகார் வந்தாச்சு. மூணாவது வந்தா வேலை போயிடும். ஷிப்ட் மாறும்போது எல்லாரையும் நிக்க வெச்சுப் படிப்பாங்க."

"எல்லார் முன்னாலயுமா படிப்பாங்க?"

"ஆமா ஆன்ட்டி."

"அப்ப கண்டிப்பா எழுதணும்!"

ஒரு பக்கம் முழுக்கத் தெலுங்கில் எழுதினாள் அம்மாள். பையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

'கல் நெஞ்சுக்காரி! நீ நல்லா இருப்பியா?' என்று மனசார சபித்தாள் ஷர்மிளா.

மூன்று மணிக்கு மேனேஜர் வேணுகோபால் புத்தகத்தோடு வந்தார். "ஷர்மிளா, முன்னால வா. மூணாவது புகார். இது என்ன லட்சணம்னு எல்லாரும் கேளுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"இந்தப் பெண்ணின் வலது தோள் கெட்டுப்போயிருக்கிறது. கெடுத்தது உங்கள் கடை. நான் செகந்திராபாத் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன். அதனால் எந்தப் பயணிக்கும் மரியாதை குறைந்துவிடவில்லை..."

மேனேஜரின் குரல் இறங்கியது. நிறுத்தப் பார்த்தார்.

"படிங்க சார்!" என்றார்கள் நாலைந்து பேர்.

"நாளைக்கே இவளுக்கு நாற்காலி போடுங்கள். மூட்டை தூக்க வேறு ஆள் வையுங்கள். இவளை வேலையை விட்டு எடுத்தால், அடுத்த புகார் லேபர் ஆபீஸுக்குப் போகும். இப்படிக்கு, கனகவல்லி."

ஷர்மிளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கீழே இன்னும் ரெண்டு வரி இருக்கே சார்" என்று எட்டிப் பார்த்துச் சொன்னாள் பக்கத்துக் கவுண்டர் சபீனா.

வேணுகோபால் முனகலாகப் படித்தார்.

"இவளுடைய வலி தெரியாமல் நாலு பேர் முன்னால் திட்டிவிட்டேன். மன்னிப்பும் நாலு பேர் முன்னால்தான் கேட்க வேண்டும். அதனால் தயவுசெய்து இதை உரக்கப் படிக்கவும்."