மூன்று நாள் ஜப்பானிய மொழி

மூன்றே நாளில் ஜப்பானிய மொழியைக் கரைத்துக் குடித்திருந்த ஒன்பதாம் வகுப்பு ஜெபராணி வகுப்பறையில் தயாராக நின்றாள். ஜப்பான் விருந்தினரிடம் பிசகாமல் பேசிவிட்டால் டோக்கியோ பயணம் உண்டு. தமிழ் பேசினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடும் அந்தப் பள்ளியின் தாளாளர், உலகத் தரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் முழங்கி ஓய்ந்தார்.

ஜெபராணி குனிந்து ஜப்பானிய மொழியில் வரவேற்றாள்.

விருந்தினர் கும்பிட்டார். "நல்லாருக்கியாம்மா? நானும் மூணு நாள்ல தமிழ் படிச்சிட்டேம்லா!"

தாளாளர் முகம் வெளிறியது. தமிழ் பேசினால் என்ன தண்டனை என்று ஜெபராணி ஜப்பானிய மொழியிலேயே பதறி எச்சரித்தாள்.

விருந்தினர் ஷூவைக் கழற்றிவிட்டுக் குஷியாகப் பெஞ்சில் ஏறினார். "இந்தப் பிள்ளைதான் டோக்கியோ வருது!"

"ஐயையோ, பெஞ்சு ஆடுது, இறங்குங்க சார்!" என்று தாளாளர் ஆங்கிலத்தை மறந்து அலறினார்.

ஜெபராணி அவருக்கும் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள்.