திறக்காத பை

"பையைத் திற, அனுசியா. எனக்கு வேற சோலி கெடக்கு."

"திறக்க மாட்டேண்ணே."

ஏலத்தோட்டத்து வாசலில் கங்காணி வீரணன் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. ஏலக்காய் எடுத்துவிட்டு மலையடிவாரத்துப் போடிக்குத் திரும்பும் பெண்கள் தினமும் இங்கே பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் ஜீப்பில் ஏற வேண்டும். ஏலக்காயைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம். நேற்று அவர் அத்தோடும் விடவில்லை. அத்தனை ஆண்கள் பார்க்க, ராக்குவை மடியை உதறிக் காட்டச் சொல்லிவிட்டார். மலை இறங்கும்வரை ராக்கு அழுதுகொண்டே வந்தாள்.

அதே ராக்குதான் இப்போது அனுசியாவின் பையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அனுசியா என்றைக்கும் பை கொண்டு வருகிறவளே இல்லை. தன் டிபன் பாக்சை ராக்குவின் பையில்தான் திணிப்பாள். இன்றைக்குப் பார்த்து ஜிப் வைத்த கறுப்புப் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து யாரையும் அதைத் தொடவிடவில்லை.

"உள்ள காய் இருக்காடி?" ராக்கு அவள் காதோரம் கேட்டாள். "இருந்தாச் சொல்லிரு. கால்ல விழுந்தாவது தப்பிச்சுக்கலாம்."

"சும்மா இருங்க மதினி."

வீரணன் பையை அமுக்கிப் பார்க்க எட்டினார். அனுசியா பின்வாங்கினாள்.

"அமுக்கவும் கூடாதுண்ணே. அமெரிக்காவுல பஸ்சுல போன ஒருத்தர் பையைப் போலீசு இப்படித்தான் அமுக்குச்சு. அது தப்புன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு."

வரிசையில் நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் தெரிந்த வழக்குதான். காலையில் மலையேறும்போது அனுசியாவின் போனில் ஒரு வக்கீலம்மா அமெரிக்க வழக்குகளைத் தமிழில் அலசுவார். ஜீப்பே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். இந்த வாரம் முழுக்க அந்தப் பஸ்சுக் கேசுதான்.

"அந்தாளு பையில என்னதான் இருந்துச்சு?" என்றார் வீரணன்.

"போதை மருந்து."

"அப்படிச் சொல்லு. திருட்டுப்பய."

"எவனா இருந்தா என்ன? சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லாம அமுக்குனது தப்புன்னுதான் தீர்ப்பு."

"இது அமெரிக்கா இல்ல தாயி."

"இல்லதான். அங்க போலீசுக்கே இல்லாத அதிகாரத்தை ஒங்களுக்கு யாருண்ணே குடுத்தா?"

வீரணனின் முகம் கறுத்தது. "திறக்காட்டி நாளையிலேருந்து வேலைக்கு வராத."

அனுசியாவின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது. ராக்குவின் கை தன்னையறியாமல் தன் பையைத் திறக்கப் போனது. அப்போது நேற்று உதறிய மடி நினைவுக்கு வந்தது. உள்ளே காயே இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசு கொதித்தது.

"நானும் திறக்கல. அவ வரலைன்னா நானும் வரல" என்றாள்.

"நாங்களும்தான்" என்றது வரிசை.

ஜீப்பு ஓட்டும் மொக்கச்சாமி வெளியே தலையை நீட்டினார். "அப்ப நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு வண்டியை விடுறேன். அங்க ஆள் கெடைக்காமத் தவிக்கிறாக."

காய் பழுக்கிற நேரம். எடுக்காமல் விட்டால் வெடித்துப் பாழாகிவிடும். வீரணன் ஓரமாகப் போய் முதலாளிக்குப் போன் போட்டார். "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்ற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

"போங்க. இனிமே சோதனை கெடையாதாம்."

ஜீப்பு கிளம்பியதும் பெண்கள் போட்ட குலவையில் மலையே அதிர்ந்தது. ராக்குவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் மனசு அடங்கவில்லை. முதல் வளைவு திரும்பியதுமே அனுசியாவின் பையைப் பிடுங்கி, ஜிப்பைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்தாள்.

ஒன்றும் விழவில்லை.

"அடிப்பாவி, வெறும் பையா? பெறகு எதுக்குடி இதைக் கொண்டாந்த?"

அனுசியா சிரித்தாள்.

"திறக்க மாட்டேன்னு சொல்லணும்னா, கையில ஒரு பை வேணும்ல மதினி."