தைல விளம்பரத்தில் பாக்கியம்

என் மனைவி பாக்கியம் செத்த மறுவருஷம் போனில் தைல விளம்பரமாக வந்தாள். இப்போதெல்லாம் அவரவர் வீட்டு ஆள் குரலில்தான் விளம்பரம் வருகிறது. எனக்கு இரண்டு விதமாக வந்தது. காலையில், "என்னங்க, முதுகு வலிக்குதா? இதைத் தேய்ச்சுக்குங்க" என்பாள். சாயங்காலம் மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்தால், "யோவ், லாரியையே நீதான் தூக்குனியா? முதுகக் காட்டு" என்பாள்.

அதுதான் பாக்கியம். இருந்தவரை ஒரு நாளும் அவள் என்னை 'என்னங்க' என்றதில்லை. அந்த 'யோவ்' கேட்டதும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். மண்டி ஆட்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று விளம்பரத்தைச் சட்டென்று மூடிவிடுவேன். காலையில் வருவதை, யாரோ பேசுகிற மாதிரி, டீ குடித்து முடிக்கும்வரை ஓடவிடுவேன்.

ஒரு வாரமாக இரண்டு வேளையும் 'என்னங்க'தான். மகள் சுகந்தியிடம் கேட்டேன்.

"எதை முழுசா கேக்குறியோ அதைத்தான்பா விளம்பரக்காரங்க வெச்சுப்பாங்க. இன்னொண்ண அழிச்சிடுவாங்க. அம்மா திட்டுறது உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சிருப்பாங்க."

இன்று சாயங்காலமும் வந்தாள். "என்னங்க" என்றாள்.

"யோவ்னு கூப்புடுடி" என்றேன்.

"சரிங்க" என்றாள்.