காவிக்கல்லின் ஞாயிற்றுக்கிழமை

குழந்தைகள் குடும்பத்தோடு வந்து கற்களைத் தொட்டுப் பார்க்க அருங்காட்சியகம் அன்று ஏற்பாடு செய்திருந்தது. மேசைமேல் ஒரு காவிக்கல் கிடந்தது. பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதா நிறச் செவ்வந்திக்கல் மின்னிக்கொண்டிருந்தது.

தஸ்லீமா என்ற சிறுமி காவிக்கல்லை எடுத்து, உரசிப் பார்க்க வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டில் உரசினாள். சிவப்பாகக் கோடு விழுந்தது.

“அத்தா, கல்லு எழுதுது!”

அவளுடைய தந்தை அதை வாங்கி ஒரு மீன் வரைந்தார். அதற்குள் அடுத்த குடும்பம் கை நீட்டியது. மதியத்துக்குள் காவிக்கல் பாதியாகிவிட்டது.

செவ்வந்திக்கல் பதறியது. “இப்படியே போனா நீ தீர்ந்துடுவே. உருண்டுபோய் மேசைக்கு அடியில ஒளிஞ்சுக்கோ.”

“அந்தப் பிள்ளைங்க கையைப் பாரு. எல்லாம் நான்தான்,” என்றது காவிக்கல். அதன் குரலில் வருத்தமே இல்லை.

செவ்வந்திக்கல் பார்த்தது. கூடம் முழுக்கச் சிவந்த விரல்கள். ஒரு கைக்குழந்தையின் மூக்குநுனிகூடச் சிவந்திருந்தது.

கிளம்பும் முன் தஸ்லீமா, செவ்வந்திக்கல்லையும் பார்க்க ஆசைப்பட்டுப் பெட்டியில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் அவளுடைய உள்ளங்கை சிவப்பாகப் பதிந்தது.

மாலையில் பணியாளர் துணியோடு வந்தார்.

“ஐயா, அதை மட்டும் துடைச்சிடாதீங்க,” என்று உள்ளேயிருந்து கெஞ்சியது செவ்வந்திக்கல்.