ஊசி படாத கை

மருத்துவமனை ஊழியர்களுக்கான ரத்ததான முகாமில், ஆயா மரியபுஷ்பத்திடம் ரத்தம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உடம்பில் இருப்பது அவளுக்கே போதவில்லையாம். ஆனாலும் ஊழியர் மாத இதழுக்குப் படம் வேண்டியிருந்தது. “சும்மா படுங்கக்கா, ஊசியெல்லாம் கிடையாது” என்றார் படம் எடுக்க வந்தவர். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, கொஞ்சம் சிரிக்கச் சொல்வதற்குள் அவள் தூங்கிவிட்டாள். இரவு வேலை முடித்தவளை, மாற்றாள் வரவில்லை என்று பகலிலும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். படம் எடுத்த பிறகும் அவளை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. வேலை நேரத்தில் தூங்கியதற்காகப் போன வாரம்தான் ஓர் ஆயாவை வேலையை விட்டு நீக்கியிருந்தார் சூப்பர்வைசர் கோதண்டம். இப்போது அவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். “யாரது, மகாராணியாட்டம் படுத்திருக்கிறது?” நர்ஸ் டெல்பின் சட்டென்று குனிந்து, மரியபுஷ்பத்தின் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். “ரத்தம் குடுத்திருக்காங்க சார். உடனே எழுந்தா மயக்கம் வரும்.” கோதண்டம் செருப்புச் சத்தம் கேட்காதபடி மெல்லக் கிட்டே வந்தார். பழச்சாறு டப்பா ஒன்றைத் தலைமாட்டில் வைத்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். டெல்பின் நிமிர்ந்து பார்த்தபோது, துடைப்பங்களைச் சுவரில் சாய்த்துவிட்டு மற்ற ஆயாக்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவள் கையை நீட்டினாள். “எனக்கும் ஒண்ணு ஒட்டிவிடுங்க சிஸ்டர்.”